ஒறுப்பு அரசுக்கு, ஈடு எவர்க்கு?

'ஈடு' என்பது தமிழில் பல பொருள் தாங்கி நிற்கும் சொல். ஒப்பு என்பது அதன் பொருள். வலிமை என்பதும் அதன் பொருள். பெற்ற கடனுக்குப் பொறுப்பாக வைக்கும் அடைமானமும் ஈடே. இழந்ததற்கு நிகராக வைப்பது இழப்பீடு. இத்துணைச் செப்பமான சொல் கையிருக்க, 'நஷ்டஈடு' என்று பாதி வடசொல்லும் பாதித் தமிழுமாக ஒட்டுப்போட்டு வழங்கும் வழக்கம் நாட்டில் வேரூன்றிவிட்டது. சொல் சிதைந்தது ஒரு கேடு. அச்சொல் சுட்டும் உரிமை மக்கள் நினைவினின்று அகன்று போனது அதனினும் பெருங்கேடு. அடிபட்டவனுக்கும் வெட்டுண்டவனுக்கும், தம்மைத் தாக்கியவனிடமிருந்தே ஈடு பெறும் உரிமை உண்டு என்பதைத் தமிழகத்து ஊர்ப்புறங்களில் அறிந்தோர் மிகச் சிலரே.

எடுத்துக்காட்டாக ஒரு கைத்தறி நெசவாளியை எண்ணிப் பார்க்க. அகவை முப்பத்தெட்டு. வேலி எல்லை பற்றிய பூசலில் பக்கத்து வீட்டான் அரிவாளை வீசுகின்றான். வலக்கை நரம்புகள் அறுபடுகின்றன. மருத்துவமனையில் ஒரு திங்கள். வீட்டில் ஐந்து திங்கள். புண் ஆறுகின்றது, விரல்கள் மடங்கவில்லை. நாடா எறிந்த கை சோற்றைப் பிசையவும் தடுமாறுகின்றது. மனைவியின் காதணி அடகுக்குப் போகின்றது; மூத்த மகன் பள்ளியை விட்டுத் தறிக்குழியில் இறங்குகின்றான். நான்காண்டு கழித்துத் தீர்ப்பு வருகின்றது: வெட்டியவனுக்கு ஈராண்டுச் சிறை, ஆயிரம் உருபா தண்டம். 'முறை வென்றது' என்கின்றது ஊர். தண்டத் தொகை அரசின் கருவூலத்திற்குப் போகின்றது. வெட்டியவன் சிறைக்குப் போகின்றான். வெட்டுண்டவன் மட்டும், வந்தது போலவே வெறுங்கையோடு வீட்டுக்குப் போகின்றான்.

இதில் எங்கே பிழை? தீர்ப்பில் பிழையில்லை. ஓர் அரிவாள் வீச்சில் இரண்டு தவறுகள் அடங்கியுள்ளன என்பதை எவரும் அந்நெசவாளிக்குச் சொல்லவில்லை; பிழை அங்கேதான். ஒன்று, நாட்டின் அமைதிக்கு இழைத்த தவறு. அதற்கு வழக்காடுவது அரசு, ஒறுப்பது முறைமன்றம். மற்றொன்று, அந்த ஒரு மாந்தனுக்கு, அவன் கைக்கு, அவன் தொழிலுக்கு, அவன் மக்களின் எதிர்காலத்திற்கு இழைத்த தவறு. அதற்கு வழக்காட வேண்டியவன் அவனே. முன்னது குற்றவியல்; பின்னது உரிமையியல். முன்னது முடிந்ததனால் பின்னது தீர்ந்ததாகாது.

பழங்காலத்தில் இவ்விரண்டும் இவ்வாறு பிரிந்து கிடக்கவில்லை. ஏறத்தாழக் கி.பி. 600-ஐ ஒட்டி இங்கிலாந்தின் கென்டுப் பகுதியை ஆண்ட எதெல்பெர்ட்டு மன்னனின் சட்டத்தில் உறுப்புதோறும் ஈட்டுத்தொகை குறிக்கப்பட்டிருந்தது. முன்பல் ஒன்றுக்கு ஆறு சில்லிங்கு. கட்டைவிரலுக்கு இருபது சில்லிங்கு. பல்லிழந்தவன் கைக்கு அது சேர வேண்டும் என்பதே அச்சட்டத்தின் நோக்கம். பின்னர் அரசர்களின் கை ஓங்க ஓங்க, அடிதடியும் வெட்டுக்குத்தும் அரசனுக்கு எதிரான குற்றங்களாயின. தண்டம் அரசன் பெட்டிக்குள் விழலாயிற்று. தாக்குண்டவன் மெல்லமெல்ல வெறுஞ் சான்றாளன் ஆனான். மெக்காலே வரைந்து 1860-இல் நிறைவேறி 1862-இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டமும் அவ்வழி வந்ததே.

தமிழகத்துக் கல்வெட்டுகளும் இதைப் பற்றிப் பேசுகின்றன. சோழர் காலத்தில், வேட்டையில் அம்பு தவறி ஆளைக் கொன்றவன், உயிர்க்கு உயிர் கொடுக்காமல், கோயிலில் நந்தாவிளக்கு வைக்குமாறு ஊராரும் நாட்டாரும் தீர்ப்பளித்த செய்திகள் உள்ளன. ஒரு விளக்குக்குத் தொண்ணூற்றாறு ஆடுகள் என்பது அக்காலக் கணக்கு. தவறிச் செய்த கொலைக்குச் சாவு ஒறுப்பு வேண்டா என எண்ணிய அப்பெருமக்களின் நெஞ்சம் போற்றத்தக்கது. எனினும், இறந்தவன் வீட்டு அடுப்பு எரிந்ததா என்பதைக் கோயில் விளக்கு அறியாது. அதே தமிழகத்தில், போரில் மாண்ட வீரனின் சுற்றத்துக்கு நிலம் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. 'உதிரப்பட்டி' என்று கல்வெட்டுகள் குறிக்கும் அக்கொடை, சிந்திய குருதிக்கு நிகராக உயிரோடிருப்பவர் வாழ நிலம் வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது. விளக்கு ஒரு வழி; பட்டி மற்றொரு வழி. இழந்தவன் வீட்டு வாசலில் வந்து நிற்பது இரண்டாவது வழியே.

இன்றைய மக்களுக்கு ஈடு கேட்கத் தெரியாது என்பதன்று. விபத்து என்று வழங்கும் சாலை நேர்ச்சியில் ஒருவன் கால் முறிந்தால், மருத்துவமனைக் கட்டிலருகே மறுநாளே வழக்குரைஞரின் ஆள் வந்து நிற்கின்றான். 1988-ஆம் ஆண்டின் இயங்கூர்திச் சட்டப்படி அதற்கெனத் தீர்ப்பாயங்கள் உள்ளன. பணம் தரக் காப்பீட்டு நிறுவனம் இருக்கின்றது. சரக்குந்து மோதி முறிந்த காலுக்கு ஈடு கேட்பது இயல்பு என்று கருதும் ஊர், கட்டையால் அடித்து முறித்த காலுக்கு ஈடு கேட்பவனைப் 'பணத்தாசை பிடித்தவன்' என்கின்றது. தவறிச் செய்தவன் ஈடு தர வேண்டும். வேண்டுமென்றே செய்தவன் தர வேண்டா என்பது எந்நாட்டு முறை?

இழப்பைக் கணக்கிடும் வழி இரண்டிற்கும் ஒன்றேதான். மருத்துவச் செலவு, வேலை செய்யாத நாள்களின் கூலி, உடனிருந்து பார்த்தவரின் செலவு, இனி வரும் ஆண்டுகளில் குறையும் வருவாய் ஆகியவை எண்ணிக் காட்டத்தக்க இழப்புகள். நோவு, உறுப்புக் குறை, வாழ்க்கை இன்பங்களின் இழப்பு ஆகியவை எண்ணிக் காட்ட இயலாதவை. ஆயினும் முறைமன்றம் மதிப்பிட வேண்டியவை. சாலை நேர்ச்சி வழக்குகளுக்கென உச்ச முறைமன்றம் 2009-இல் அகவைக்கேற்ற பெருக்கெண் பட்டியல் ஒன்றை வகுத்தது. முப்பத்தாறு முதல் நாற்பது அகவை வரை அப்பெருக்கெண் 15. மேற்சொன்ன நெசவாளியின் திங்கள் வருவாய் 12,000 உருபா என்று கொள்க. ஆண்டுக்கு 1,44,000. வலக்கை கெட்டதால் உழைக்கும் ஆற்றல் பாதி குறைந்தது எனின், ஆண்டு இழப்பு 72,000. அதைப் பதினைந்தால் பெருக்கினால் 10,80,000 உருபா. அடிதடி வழக்கில் இப்பட்டியல் கட்டாயமன்று. ஆனால் இழப்பின் அளவைக் காட்ட நல்ல அளவுகோல். பத்து நூறாயிரத்துக்கு மேற்பட்ட இழப்பை அடைந்தவன், ஆயிரம் உருபா தண்டத்தைக் கேட்டு, அதுவும் தன் கைக்கு வாராமல், வீடு திரும்பினான் என்பதை இக்கணக்கு காட்டும்.

குற்ற வழக்கிலேயே ஈடு பெறும் வழியும் சட்டத்தில் இருந்தே வந்துள்ளது. 1973-ஆம் ஆண்டின் குற்ற நடைமுறைச் சட்டம், 357-ஆம் பிரிவில், தண்டத் தொகையிலிருந்து தாக்குண்டவனுக்கு ஈடு வழங்கவும், தண்டமே விதிக்காதவிடத்துத் தனியே ஈடு வழங்க ஆணையிடவும் முறைமன்றத்துக்கு ஆற்றல் தந்தது. ஆற்றல் இருந்தது, அதைக் கையாண்டோர் குறைவு. அரியானாவில் தாக்குண்டு பேச்சாற்றல் குன்றிய ஒருவரின் வழக்கில், 1988-இல் உச்ச முறைமன்றம் ஈட்டை 50,000 உருபாவாக உயர்த்தி, இப்பிரிவைத் தாராளமாகக் கையாளுமாறு எல்லா முறைமன்றங்களுக்கும் அறிவுறுத்தியது. இருபத்தைந்தாண்டு கழிந்து, 2013-இல், மராட்டியத்து வழக்கொன்றில் அதே மன்றம் மீண்டும் பேச வேண்டியதாயிற்று. ஒவ்வொரு குற்ற வழக்கிலும் ஈடு பற்றி நடுவர் எண்ணிப் பார்த்தே ஆகவேண்டும். அவ்வாறு எண்ணியதற்குத் தீர்ப்பில் அடையாளமும் இருக்க வேண்டும் என்றது. சொன்னதையே மீண்டும் சொல்ல நேர்ந்ததிலிருந்து, முதன்முறை சொன்னது எத்துணைச் செவிகளில் ஏறியது என்பதை அறியலாம்.

2009-ஆம் ஆண்டின் இறுதி நாளில் நடைமுறைக்கு வந்த திருத்தத்தால், குற்றவாளி ஏழையாயினும் அகப்படாமற் போயினும், அரசே ஈடு வழங்கும் திட்டம் வந்தது. தமிழ்நாட்டரசும் 2013-இல் அத்தகைய திட்டத்தை வகுத்தது. அமிலம் என்று வழங்கும் எரிநீர் வீச்சுக்கு ஆளானோர்க்குக் குறைந்தது மூன்று நூறாயிரம் உருபா தர வேண்டும் என்று உச்ச முறைமன்றம் ஆணையிட்டதும் அதே 2013-இல்தான். பட்டியலினத்தார் மீதான வன்கொடுமைகளுக்கு 1989-ஆம் ஆண்டுச் சட்டமும் 1995-ஆம் ஆண்டு விதிகளும் தனியே துயர்துடைப்புத் தொகை குறித்துள்ளன. வீட்டுக்குள் அடிபடும் பெண்டிர்க்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு ஈடு பெற வழி தந்துள்ளது. பழைய நடைமுறைச் சட்டத்தை நீக்கிவிட்டு, தமிழர் நாவில் நுழையாத வடமொழிப் பெயர் தாங்கி 2024 சூலை முதல் நாளன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும், 395, 396 ஆகிய பிரிவுகளில் இவ்வழிகளை அப்படியே வைத்திருக்கின்றது. பெயர் மாறியது, உரிமை மாறவில்லை.

இவையெல்லாம் இருக்க, உரிமையியல் வழக்கு எதற்கு என வினவலாம். குற்ற வழக்கில் ஈடு என்பது நடுவர் மனம் வைத்தால் கிடைப்பது. அரசுத் திட்டத்தின் தொகைக்கு மேல்வரம்பு உண்டு. உரிமையியல் வழக்கிலோ, இழப்பு முழுமைக்கும் கணக்குக் காட்டிக் கேட்கலாம். குற்ற வழக்கில் பெற்ற தொகை எதுவோ, அது பின்னர் உரிமையியல் மன்றம் வழங்கும் தொகையில் கருத்திற் கொள்ளப்படும், அவ்வளவே. அதற்கும் மேலான வேறுபாடு மெய்ப்பிக்கும் அளவில் உள்ளது. குற்ற வழக்கில் ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். சிறு ஐயம் எழுந்தாலும் எதிரி விடுதலை பெறுவான். உரிமையியல் வழக்கில் எந்தப் பக்கம் மிகுதியும் நம்பத்தக்கது என்பதே வினா. ஆதலின் குற்ற வழக்கில் விடுதலை பெற்றவனும் உரிமையியல் வழக்கில் ஈடு தர வேண்டியவன் ஆகலாம்.

உலகமே பார்த்திருந்த சான்று ஒன்று இதற்கு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில், 1994-இல் இருவர் கத்தியால் குத்தப்பட்டு இறந்த வழக்கில், பெயர் பெற்ற விளையாட்டு வீரராகிய ஓ. சே. சிம்சன் 1995-இல் விடுதலை பெற்றார். இறந்தோர் வீட்டார் உரிமையியல் வழக்குத் தொடுத்தனர். 1997-இல், அவரே பொறுப்பாளர் என்றும், 3 கோடியே 35 நூறாயிரம் டாலர் தர வேண்டும் என்றும் முடிவாயிற்று. அத்தொகையில் பெரும்பகுதி செலுத்தப்படாமலே 2024-இல் அவர் இறந்தார் என்பதும் அறியத்தக்கது. தீர்ப்பு வேறு, பணம் வேறு.

இந்த இடர்ப்பாட்டை மறைப்பது அறமாகாது. தாக்கியவனிடம் உடைமை இல்லையாயின் தீர்ப்பு ஏட்டளவில் நிற்கும். உடைமை உள்ளவனோ வழக்குத் தொடங்கியதும் அதை மனைவி பெயருக்கும் மைத்துனன் பெயருக்கும் மாற்றப் பார்ப்பான். அதனாலேயே, தீர்ப்புக்கு முன்பே உடைமையை முடக்கி வைக்க வேண்டுமென்று கேட்கும் வழியை உரிமையியல் நடைமுறைச் சட்டம் தந்திருக்கின்றது. பெற்ற தீர்ப்பை நிறைவேற்றிக்கொள்ளப் பன்னீராண்டுக் காலம் உண்டு. இன்று இல்லாதவனிடம் பத்தாண்டு கழித்து உடைமை சேரலாம். வழக்குக் கட்டணம், தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏழரையாக இருந்தது, 2017-இல் மூன்றாகக் குறைக்கப்பட்டது. அதையும் கட்ட இயலாத வறியவர், நடைமுறைச் சட்டத்தின் 33-ஆம் கட்டளைப்படி, கட்டணமின்றியே வழக்குத் தொடுக்க இசைவு பெறலாம். பெண்டிர், பட்டியலினத்தார், தொழிலாளர், உறுப்புக் குறையுற்றோர், குறைந்த வருவாயினர் ஆகியோர்க்கு 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி கட்டணமில்லா வழக்குரைஞரும் உண்டு. வட்டந்தோறும் இதற்கெனக் குழுக்கள் இருக்கின்றன. படியேறிக் கேட்போரே குறைவு.

காலமும் எதிரியாக நிற்கின்றது. 'குற்ற வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம்' என்று காத்திருந்து உரிமையை இழந்தோர் பலர். குற்ற வழக்கு நடக்கின்றது என்பதற்காகக் காலவரையறைச் சட்டம் காத்திராது. இதனினும் கொடிய செய்தி ஒன்று உண்டு. 1925-ஆம் ஆண்டின் இந்திய மரபுரிமைச் சட்டம், 306-ஆம் பிரிவில், தாக்குண்டவன் வேறு கரணியத்தால் இறந்துபோவானாயின், தாக்குதலுக்கு ஈடு கேட்கும் அவனது உரிமை அவன் மக்களுக்குச் செல்லாது என்கின்றது. நிலம் மகனுக்குப் போகும். கடன் மகனுக்குப் போகும். பட்ட அடிக்கான ஈடு மட்டும் அவனோடு எரிந்துபோகும். கேட்க வேண்டியவன் உயிரோடிருக்கும்போதே கேட்க வேண்டும்.

இனி, இவ்வுரிமையைக் கருவிலேயே கொல்லும் இடம் ஒன்று உண்டு. காவல் நிலையத்து மரத்தடியிலும் ஊர்ப் பெரியவர் திண்ணையிலும் நடக்கும் 'பேசி முடித்தல்'தான் அது. மருத்துவச் செலவுக்கென்று ஐயாயிரமோ பத்தாயிரமோ கையில் திணித்து, 'இனி எவ்வகை வழக்கும் இல்லை' என்று எழுதிய தாளில் கையொப்பமோ பெருவிரற் பதிவோ வாங்கிவிடுகின்றனர். விரல் மடங்குமா மடங்காதா என்று மருத்துவரே அறியாத முதல் வாரத்தில், அவ்விரலின் விலை பேசி முடிக்கப்படுகின்றது! வலியவன் நிலமுடையவன், மெலியவன் அவன் நிலத்தில் நாளையும் கூலிக்குப் போக வேண்டியவன். அந்த இணக்கம் இணக்கமன்று. இரண்டாம் முறை விழும் அடி.

'பொறுத்தலே தமிழர் பண்பன்றோ?' என்று அங்கே அறிவுரை கூறுவோரும் உண்டு. வள்ளுவர் பொறையுடைமையை அறத்துப்பாலில் வைத்தார். செங்கோன்மையைப் பொருட்பாலில் வைத்தார். பொறுத்தல் தனி மாந்தன் தானே விரும்பி மேற்கொள்ளும் அறம். முறை செய்தல் அரசின் கடன். பொறுக்கும் உரிமை அடிபட்டவனுக்கே உரியது. அடித்தவனோ இடைநின்றவனோ அதை அவன் தலையில் ஏற்ற இயலாது. ஈடு கேட்பது பழிவாங்கலும் அன்று. பழி வாங்குவோன் எதிரியின் கையை வெட்ட எண்ணுவான். ஈடு கேட்போன் தன் மகனைப் பள்ளிக்கு அனுப்ப எண்ணுகின்றான். தலைமுறை தலைமுறையாய் வெட்டுக்கு வெட்டு என்று அழிந்த ஊர்களை எண்ணிப் பார்த்தால், அரிவாளுக்கு மாற்றாக வழக்கேட்டை எடுப்பவனே பண்பாட்டைக் காப்பவன் என்பது விளங்கும்.

வழக்கு வெல்வது பேச்சால் அன்று, தாளால். முதல் தகவல் அறிக்கை என்று வழங்கும் முதற் குற்றவறிக்கையின் படியை முறையீடு செய்தவர்க்குக் கட்டணமின்றித் தர வேண்டும் என்பது சட்டம். அதைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். மருத்துவமனையின் புண்சான்று, மருந்துச் சீட்டுகள், கூலிக் கணக்கு, உறுப்புக் குறைச் சான்று ஆகிய அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் காத்தல் வேண்டும். அப்புண்சான்று பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றது. சிறுகாயமா கொடுங்காயமா என்னும் ஒரு சொல்லில் வழக்கின் எடை அடங்கியிருக்க, அச்சொல்லை உடம்பில் தாங்கியவனுக்கே அது விளங்குவதில்லை. 1860-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இருபது நாள் கடும் நோவோ, வழக்கமான வேலை செய்ய இயலாமையோ இருந்தால் அது கொடுங்காயம். புதிய சட்டத்தில் அவ்வரம்பு பதினைந்து நாள். இதை அறிந்தவன், வேலைக்குப் போகாத நாள்களைக் குறித்து வைப்பான்; அறியாதவன் பத்தாம் நாள் ஊன்றுகோலோடு களத்துக்குப் போய்த் தன் வழக்கைத் தானே மெலிவிப்பான். 1956-ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டமும், 1976-இல் அதற்குச் செய்த திருத்தமும், மாவட்ட அளவு வரையுள்ள முறைமன்றங்களில் தமிழுக்கு இடம் தந்துள்ளன. தன் நோவைத் தன் மொழியில் எழுதிய வழக்குரையைத் தானே படித்துப் பார்த்துக் கையொப்பமிடுவது அலங்காரமன்று. இழப்பில் ஒன்றும் விடுபடாமல் இருப்பதற்கான காவல்.

அரசு குற்றவாளியை ஒறுக்கட்டும். அது அரசின் வேலை. அத்துடன் எல்லாம் முடிந்தது என்று எண்ணுவதே தமிழக மக்களின் நெடுநாள் மயக்கம். தறிக்குழியில் இறங்கிய அச்சிறுவனைச் சிறைக்கதவு மேலே ஏற்றாது. தந்தைக்குச் சேரும் ஈடே ஏற்றும். ஊர்தோறும் படித்த இளைஞர் ஒருவரேனும் இச்சட்டங்களைக் கற்று, அடிபட்டவன் பெருவிரலைத் தாளில் அழுத்துமுன் அவன் அருகே சென்று நிற்பாராக. அடிபட்டோர் அச்சம் விடுக. தாளைக் காக்க. காலத்தை எண்ணுக. உரியதைக் கேட்க, இரந்தன்று, உரிமையோடு கேட்க!